புள்ளடி ஊரிலா, வெள்ளவத்தையிலா?

"என்ன, வோட்டையும் கொழும்புக்குக் கொண்டு போட்டியோ?" சித்தப்பா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வியே இதுதான். வளவை விற்றுவிட்டாயோ என்று கேட்கிற அதே குரல். 2025 மே 6 ஆம் திகதி 339 உள்ளூராட்சி சபைகளுக்கு வாக்களிப்பு நடந்தபோது நான் ஊரில், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில், வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் வரிசையில் நின்று புள்ளடி போட்டுவிட்டு நேரே வேலைக்குப் போய்விட்டேன்.

கொழும்பில் இருக்கிற பல தமிழ் வீடுகளில் இந்தக் கேள்வி இழுபட்டுக்கொண்டே இருக்கும். பதினைந்து, இருபது வருடம் இங்கே வாழ்ந்தும் பெயர் மட்டும் ஊர் வாக்காளர் இடாப்பில் இருக்கும். நான் 2018 இல் ஊரில் வாக்களித்தவன், 2025 இல் இங்கே வாக்களித்தவன். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

சட்டம் எளிது. ஒருவருக்கு ஓரிடத்தில்தான் பதிவு, அதுவும் வழமையாக வசிக்கிற இடத்தில். பெப்ரவரி 1 ஆம் திகதியை வைத்து ஒவ்வொரு வருடமும் இடாப்பைத் திருத்துவார்கள், கிராம சேவகர் வழியாகப் படிவம் வரும். ஊரில் இருக்கிற அம்மாவோ அண்ணனோ அதில் நம் பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். "வேலை விஷயமாகத்தானே போயிருக்கிறான், வந்துவிடுவான்" என்பது எங்கள் வீட்டில் பதினொரு வருடம் சொன்ன விளக்கம்.

வாக்களிக்கும் முறையில் இரண்டு இடத்துக்கும் வேறுபாடு இல்லை. ஆசனங்களில் 60 வீதம் வட்டாரத்தில் வெல்பவர்களுக்கு, 40 வீதம் கட்சிப் பட்டியலுக்கு. விருப்பு வாக்கு கிடையாது. ஒரே ஒரு புள்ளடி வட்டார வேட்பாளருக்கும் கட்சிக்கும் சேர்த்தே எண்ணப்படும். மேயரையோ தவிசாளரையோ நாம் நேரே தெரிவுசெய்வதும் இல்லை. கொழும்பு மாநகர சபையின் 117 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தது 48. பெரும்பான்மைக்கு 59 வேண்டும். கடைசியில் ஜூன் 16 ஆம் திகதி சபைக்குள் இரகசிய வாக்கெடுப்பு நடந்து, அந்தக் கட்சியின் வ்ராய் கெலி பல்தசார் 61 க்கு 54 என்று மேயரானார். யாழ்ப்பாண மாநகர சபையிலும் யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. 45 இல் தமிழரசுக் கட்சிக்கு 13. ஆக, நாம் புள்ளடி போட்ட பிறகு நடக்கிற பேரம் எங்கேயும் நம் கையில் இல்லை.

சரி, ஊர்ப் பக்கத்து நியாயங்கள். ஊர்ப்பற்று என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை, விடுகிறேன். எனக்கு உறுத்துகிற இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, அந்தப் பதவிகளுக்காக உயிர் போயிருக்கிறது. 1998 இல் யாழ் மாநகர முதல்வராக இருந்த சரோஜினி யோகேஸ்வரன் மே மாதம் கொல்லப்பட்டார். அடுத்து வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரில் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட இடத்தில் கிடைத்த வாக்கைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது போல் கொழும்புக்கு மாற்றுவது கொஞ்சம் கூசத்தான் செய்தது.

இரண்டாவது, கணக்கு. இடாப்பில் இருக்கிற பெயர்களை வைத்துத்தான் மாவட்டங்களுக்குப் பாராளுமன்ற ஆசனம் பிரிப்பார்கள். யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 2010 இல் 9 ஆசனம், 2015 இல் 7, 2024 இல் 6. என்னைப் போன்றவர்கள் பெயரை மாற்ற மாற்ற அது இன்னும் சுருங்கும். சித்தப்பா இதைச் சொன்னபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. பாராளுமன்றத் தேர்தல் ஒன்றுதான் முக்கியம் என்று நினைக்கிறவர் இந்த இடத்திலேயே வாசிப்பதை நிறுத்திவிட்டு, ஊருக்குப் போய் வாழுகிற வழியைப் பார்க்கலாம்.

ஆனால் உள்ளூராட்சித் தேர்தல் என்று வரும்போது எல்லாவற்றையும் தள்ளிவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது: பராமரிப்பு. காருக்கு மட்டுமில்லை, வாக்குக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. தூரத்தில் வைத்திருந்தால் அது கூடும்.

2018 பெப்ரவரி 10 சனிக்கிழமை. வெள்ளி இரவு பஸ் ஏறி, விடிய இறங்கி, குளித்து, புள்ளடி போட்டு, மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்போடு சாப்பிட்டு, ஞாயிறு இரவு திரும்பினேன். 400 கிலோமீற்றர் போக, 400 வர. அப்போது அது சுமையாகவே தெரியவில்லை, அம்மாவைப் பார்த்தது மாதிரியும் இருந்தது. வாக்குச்சீட்டு கையில் வந்தபோதுதான் சங்கடம். எங்கள் வட்டாரத்தில் நின்ற ஆட்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. ஒருவர் என்னோடு படித்தவரின் தம்பியாம். ஒழுங்கை வெள்ளத்துக்கு யார் என்ன செய்தார், சந்தைக் கழிவை யார் எடுப்பித்தார், எதுவும் தெரியாது. சின்னத்தைப் பார்த்துப் போட்டுவிட்டு வந்தேன். சின்னத்தை மட்டும் பார்த்துப் போடுவதற்கு எண்ணூறு கிலோமீற்றர்.

அப்புறம் 2023. மார்ச் 9 என்றார்கள். லீவு சொல்லி, பஸ்ஸில் இடமும் பிடித்தேன். நிதி இல்லை என்று தள்ளிப்போனது. ஏப்ரல் 25 என்றார்கள், மறுபடி லீவு. "உங்களுக்குத் தேர்தல் இருக்கா இல்லையா?" என்று மேலாளர் கேட்டார். அதுவும் நடக்கவில்லை. சபைகளின் காலம் முடிந்து, நாடு முழுக்க மக்கள் பிரதிநிதிகளே இல்லாமல் அதிகாரிகள் நடத்தினார்கள். தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024 ஒகஸ்டில். தீர்ப்பு நல்லது, என் லீவு திரும்பி வரவில்லை.

2025 தேர்தல் செவ்வாய்க்கிழமை வந்தது, காலை 7 முதல் மாலை 4 வரை. தனியார் துறையில் 150 கிலோமீற்றருக்கு மேல் போகிறவருக்கு இரண்டு நாள் விடுமுறை, 40 க்குள் என்றால் அரை நாள் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு அளவு சொல்வார்கள். முகம் சுளிக்காமல் இரண்டு நாள் தருகிற கடை முதலாளி எத்தனை பேர் என்று புறக்கோட்டையில் வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். தபால் வாக்கு அரச ஊழியர் போன்ற சில பிரிவினருக்குத்தான். போகாமல் விட்டால் வாக்கு இடாப்பில் சும்மா கிடக்கும், அவ்வளவுதான்.

பராமரிப்பு என்று நான் சொல்வது தேர்தல் நாளோடு முடிகிற விஷயமும் இல்லை. சபையின் காலம் நான்கு வருடம். போட்ட வாக்கைக் கேள்வி கேட்கப் பயன்படுத்த வேண்டும் என்றால் உறுப்பினர் கண்ணில் நாம் படவேண்டும். போன ஐப்பசி மழைக்கு முன்னால், எங்கள் தொடர்மாடிக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர் மணலையும் கல்லையும் வடிகாலோரம் கொட்டி வைத்திருந்தார். முதல் மழையிலேயே எல்லாம் உள்ளே இறங்கிவிட்டது. நானும் கீழ்மாடி அங்கிளும் வட்டார உறுப்பினரைத் தேடிப் போனோம். வீட்டில் இல்லை. மறுநாள் கோயில் வாசலில் பிடித்தோம். "நீங்கள் எந்த வீதி?" என்றுதான் முதலில் கேட்டார். வீதியைச் சொன்னதும் அவர் நின்ற விதமே மாறியது. நாங்கள் யாருக்குப் போட்டோம் என்று அவருக்குத் தெரியாது. இந்த வீதியில் வாக்கு இருக்கிறது என்பது தெரியும். நான்காம் நாள் வடிகால் திறந்தது. இதையே ஊரிலிருந்த ஒரு வெள்ளப் பிரச்சினைக்கு நான் கொழும்பிலிருந்து தொலைபேசியில் முயன்றிருக்கிறேன். "பார்ப்போம் அண்ணை" என்பதற்கு மேல் நகரவில்லை. அவரில் பிழை சொல்ல மாட்டேன். எப்போதாவது வருகிற குரலுக்கு யார் ஓடுவார்?

இங்கே நான் வாடகைக்கு இருக்கிறேன், சோலை வரி வீட்டுக்காரர் பெயரில் போகிறது. ஆனால் அது வாடகைக்குள்தான் இருக்கிறது. என் குப்பை எடுக்கப்படுவதும், நுளம்புக்காக வீடு பார்க்க வருவதும், தெருவிளக்கும் இந்தச் சபையின் வேலை. காசு ஒரு சபைக்கு, வாக்கு இன்னொரு சபைக்கு என்று எத்தனை வருடம்?

"கொழும்பு சபை எங்கட இல்லையே" என்பார்கள். 1937 இல் கொழும்பின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயராக வந்தவர் இரத்தினஜோதி சரவணமுத்து. தொண்ணூறுகளில் கணேசலிங்கம் அந்தக் கதிரையில் இருந்தார். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் வட்டாரங்களில் தமிழில் துண்டுப்பிரசுரம் அடிக்காமல் யாரும் வாக்குக் கேட்க முடியாது.

பிள்ளை உள்ளவர்களுக்கு இன்னொன்று: முதலாம் வகுப்பு அனுமதிக்கு வதிவிடத்தைக் காட்ட முந்தைய வருடங்களின் இடாப்புப் பிரதி கேட்பார்கள். சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை புள்ளிகள் மாறும். பிள்ளைக்கு நாலு வயதானபின் ஓடுவதில் பலனில்லை.

மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கும் இதே கணக்குத்தானா என்று கேட்டால், அடித்துச் சொல்ல மாட்டேன். என்னோடு வேலை செய்கிற மஸ்கெலியாத் தம்பி பெயரை மாற்றவே மாட்டேன் என்கிறான். தோட்டங்களுக்குள் பிரதேச சபை வேலை செய்யலாம் என்று சட்டம் திருந்தியதே 2018 இல்தான். நுவரெலியா மாவட்டத்தில் பெரிய சபைகளைப் பிரித்து மஸ்கெலியா, நோர்வூட் என்று தனிச் சபைகள் வந்ததும் அந்தக் காலத்தில்தான். "இப்பதான் அண்ணே கிடைச்சிருக்கு, அதுக்குள்ள விட்டுட்டு வரவா?" என்கிறான். அவனுக்கு ஊர் நாலைந்து மணித்தியாலம், மாதம் ஒருமுறை போகிறான், உறுப்பினரின் வீடு அவன் லயத்துக்கு அடுத்த லயம். என் கணக்கு அவனுக்குப் பொருந்தவில்லை.

என் அனுபவமும் ஒரு தேர்தல், ஒரு வடிகால் அளவுதான். சபையின் காலம் இன்னும் முடியவில்லை. அடுத்த உறுப்பினர் கதவைத் திறக்காதவராக இருந்தால் சித்தப்பாவுக்கு நான்தான் முதலில் அழைப்பு எடுக்க வேண்டியிருக்கும்.

அம்மாவின் பெயரை மட்டும் இன்னும் மாற்றவில்லை. தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனால் சித்திரை முடியத்தான் வருவார், பிறகு ஆவணி வரை எங்களோடு. வழமையாக வசிக்கிற இடம் எது என்று அவரிடமே கேட்டேன். "உனக்கு எது வசதியோ அதை எழுது" என்றார். படிவம் மேசையில் கிடக்கிறது, அந்த வரி காலியாக.