வீட்டு இன்வெர்ட்டருக்கு சோடியம் பேட்டரியா, எல்எஃப்பியா?

இந்தப் போட்டியில் இரண்டு பக்கமும் கைவைத்தவர் ஒருவர் உண்டு: ஜெர்ரி பார்க்கர் என்ற பிரிட்டன் வேதியியலாளர். வேலன்ஸ் டெக்னாலஜியில் இருந்தபோது, மலிவான இரும்பு ஆக்சைடைக் கார்பனோடு சூடாக்கி எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட், தயாரிக்கும் முறையை உருவாக்கினார். பிறகு கூட்டாளிகளோடு ஷெஃபீல்டில் ஃபாராடியன் என்ற சோடியம் அயனி பேட்டரி நிறுவனத்தைத் தொடங்கினார். 2022-இல் ரிலையன்ஸ் அதை 10 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கியது. ஆனாலும் 48 வோல்ட் இன்வெர்ட்டர் ஏற்கெனவே மாட்டியிருக்கும் வீட்டுக்கு இப்போதைக்கு எல்எஃப்பிதான்.

சோடியம் பேட்டரியின் கூடுதல் எடை ஒரு பொருட்டல்ல, சுவரோரம் நிற்கப்போகிற பெட்டிதானே. உறைகுளிரில் எல்எஃப்பியை சார்ஜ் செய்யக் கூடாது என்பதும் நம் ஊரில் பெரிய கவலையில்லை.

வோல்ட்டேஜில்தான் சிக்கல். எல்எஃப்பி செல் சார்ஜின் பெரும்பகுதியை 3.2 – 3.3 வோல்ட்டிலேயே தந்துவிடும். 16 செல் போட்டால் 51 – 53 வோல்ட். இன்வெர்ட்டருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. சோடியம் செல்லோ 4 வோல்ட்டில் தொடங்கி 1.5 வரை சரிந்துகொண்டே போகும். 14 செல் போட்டால் மேலே 56, கீழே 21. இன்வெர்ட்டர் 42 வோல்ட்டில் கட்-ஆஃப் ஆனால், அப்போது செல் 3 வோல்ட்டில்தான் நிற்கிறது. கிட்டத்தட்ட பாதி சார்ஜ் உள்ளேயே தங்கிவிடும். 16 செல்லாக ஏற்றினால் முழு சார்ஜுக்கு 64 வோல்ட் வேண்டும், பல இன்வெர்ட்டர்கள் அதைத் தாங்காது. 58-இல் நிறுத்தினால் மேலேயும் கொஞ்சம் வீண், கீழேயும் கொஞ்சம் வீண். கட்-ஆஃபைக் குறைக்க முடிந்தாலும் கேபிளைப் பாருங்கள்: 2000 வாட் லோடுக்கு 56 வோல்ட்டில் 36 ஆம்பியர், 30 வோல்ட்டில் 67. முதல் கணக்குக்குப் போட்ட கேபிளும் அதன் முனையில் மாட்டும் லக்கும் இரண்டாவதில் சுடும்.

எல்எஃப்பியிலும் தலைவலி உண்டு. வோல்ட்டேஜ் தட்டையாக இருப்பதால் அதைப் பார்த்து மிச்ச சார்ஜைச் சொல்ல முடியாது. பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ், உள்ளே வெளியே போகும் ஆம்பியரை எண்ணித்தான் சதவீதம் காட்டும். அந்த எண்ணிக்கை நாளாக ஆக வழுக்கும். மாதத்துக்கு இரண்டு முறையாவது முழுசாக சார்ஜ் ஏற்றினால் கணக்கும் செல் பேலன்ஸும் (எல்லா செல்லும் ஒரே அளவு சார்ஜில் இருப்பது) சரியாகும். சோடியத்தில் அந்தத் தொல்லை குறைவு, சரிவே அளவுகோல்.

சோடியம் தெளிவாக ஜெயிக்கும் இடம் ஒன்று: மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் பேட்டரி. எல்எஃப்பி ஆனோடின், அதாவது மைனஸ் பக்கத்தின், அடியில் இருப்பது தாமிரத் தகடு. செல் அடியோடு வற்றினால் தாமிரம் கரையும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அது வேறிடத்தில் படிந்து ஷார்ட் ஆகும். சோடியம் அலுமினியத்தோடு கலக்காது என்பதால் அங்கே இரண்டு பக்கமும் அலுமினியமே போடலாம். 0 வோல்ட்டுக்கு இறக்கி அனுப்புவதை ஃபாராடியன் பெருமையாகச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஆயுள் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். சோடியம் செல்கள் வீடுகளில் ஓடிய வருடங்கள் இன்னும் குறைவு. டேட்டாஷீட்டில் இருக்கும் சைக்கிள் கணக்கை, அதாவது எத்தனை முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம் என்பதை, மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். அப்படியும் சோடியம்தான் வேண்டுமென்றால், விலை கேட்பதற்கு முன் இன்வெர்ட்டரின் டிசி உள்ளீட்டு வரம்பை, அதாவது பேட்டரி பக்கம் எத்தனை வோல்ட் முதல் எத்தனை வரை ஏற்கும் என்பதை, கேளுங்கள். 14 செல் பேக்குக்கு அது 35 வோல்ட் வரையாவது இறங்க வேண்டும்.