முள்ளில்லாக் கள்ளி மடல் பார்சல்: தீவனத்துக்கு வாங்கலாமா?

பொருள்: ஆன்லைனில் விற்கும் முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி நடவு மடல்கள், 10 மடல் கொண்ட பார்சல். மானாவாரி நிலத்தில் ஆடு மாடு வளர்ப்பவர்களுக்குக் கோடையில் கைகொடுக்கும் நல்ல பயிர்தான் இது. மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. குறைத்ததற்குக் காரணம் விளம்பரத்தில் இருக்கும் தவறான தகவலும், அதில் சொல்லாமல் விட்ட பூச்சியும்.

மடல்கள் நன்றாக முற்றியவை, கையில் கனமாக நிற்கின்றன. பெரிய முள் இல்லை. ஆனால் மடலின் கண்களில், அதாவது முள் முளைக்கும் புள்ளிகளில், மஞ்சள் நிறச் சுணை கொஞ்சம் இருக்கிறது, வெறுங்கையால் எடுத்தால் விரலில் ஏறிவிடும். பேக்கிங் மோசம். வெட்டுவாய் காயாத மடலைப் பாலித்தீனில் சுற்றியிருக்கிறார்கள். அந்த ஈரத்தில் அடிப்பகுதி குழைந்து நாற்றமெடுக்கும். குழைந்த இடத்தைச் சுத்தமான சதை தெரியும்வரை வெட்டி எறியுங்கள். பிறகு எல்லா மடல்களையும் நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று வாரம் போட்டு வையுங்கள். வெட்டுவாய் தோல்போல இறுகிய பிறகுதான் நட வேண்டும். அவசரப்பட்டு நட்டு உடனே தண்ணீர் விடுவதால்தான் பெரும்பாலான மடல்கள் அழுகுகின்றன.

நடும்போது மடலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போனால் போதும். தட்டைப் பக்கங்கள் கிழக்கையும் மேற்கையும் பார்த்திருந்தால் வெயில் அதிகம் கிடைக்கும். வரிசைக்கு 2 மீட்டர், செடிக்கு 1 மீட்டர் இடைவெளி. செம்மண், சரளை நிலம் தோது. தண்ணீர் தேங்கும் கரிசலிலும் உவர் நிலத்திலும் வேண்டாம். நட்டு இரண்டு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள். அறுவடையின்போது தாய் மடலையும் அதன்மேல் வந்த முதல் அடுக்கையும் விட்டுவிட்டு, மேலடுக்கைக் கணுவில் வெட்டுங்கள்.

'புரதம் நிறைந்த தீவனம்' என்று விற்கிறார்கள். அது தவறு. மடலில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். 10 கிலோ மடலில் உலர்பொருள் ஏறக்குறைய ஒரு கிலோ, அதில் புரதம் 50 கிராம் அளவுக்குத்தான் தேறும். அதே 10 கிலோ 9 லிட்டர் தண்ணீரையும் கொடுக்கிறது, வறட்சியில் இதன் அருமை அங்கேதான். நார் குறைவு என்பதால் தனியாகப் போட்டால் சாணி இளகிக் கழியும். முதலில் வைக்கோலோ சோளத்தட்டையோ தின்னட்டும், பிறகு நறுக்கிய மடல். ஆட்டுக்கு அரைக் கிலோவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள். புரதத்துக்கு அகத்தி, வேலிமசால் அல்லது கடலைப் பிண்ணாக்கு சேர்க்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகுதி, பாஸ்பரஸ் குறைவு என்பதால் தாது உப்புக் கலவையும் அவசியம்.

இனி பூச்சி. கொச்சினீல் என்ற சாயப்பூச்சியின் இனம் ஒன்றை 1795 இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிவப்புச் சாயத்துக்கு வேண்டிய இனம் அதுவல்ல. சாயம் தேறவில்லை, கள்ளியின் சாற்றை உறிஞ்சி அழித்தது. 1860-களில் கள்ளியை ஒழிக்கவென்றே அதை இலங்கைக்குக் கொண்டுபோனார்கள். தென்னிந்தியாவில் காடாகப் பரவியிருந்த வேறொரு சப்பாத்திக்கள்ளி இனத்தை அது தொடாததால், 1926 இல் இலங்கையிலிருந்து டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்ற இனத்தை வரவழைத்தார்கள். சில ஆண்டுகளில் பல மாவட்டங்கள் கள்ளியிலிருந்து மீண்டன. களைக்கு மருந்தாக வந்த அதே பூச்சிதான் இன்று தீவனக் கள்ளிக்கு எமன். 2014 முதல் மொராக்கோவின் கள்ளித் தோட்டங்களை அழித்ததும், பிரேசிலின் பெர்னாம்புகோவில் தீவனக் கள்ளியைச் சாய்த்ததும் இதுதான். இரண்டு நாடுகளும் எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களுக்குத்தான் மாறின. அதனால்தான் ரகத்தின் பெயர் முக்கியம். இந்தப் பார்சலில் ரகமே குறிப்பிடவில்லை.

மடல் வந்ததும் கண்களைச் சுற்றியும் கணுவிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். நகத்தால் நசுக்கினால் இரத்தம்போல அடர் சிவப்பாகச் சாறு வந்தால் கொச்சினீல். அந்த மடலை ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். மற்றவற்றை ஒரு மாதம் தனியே வைத்துக் கவனித்த பிறகு நடுங்கள். தோட்டத்தில் வந்துவிட்டால், பஞ்சு மெழுகாக இருப்பதால் மருந்துக் கரைசல் ஒட்டாமல் உருண்டுவிடும். முதலில் அழுத்தமான தண்ணீர்ப் பீய்ச்சலால் பஞ்சைக் கழுவ வேண்டும். பிறகு ஒரு லிட்டருக்கு 30 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புடன் நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். குஞ்சுகள் காற்றில் மிதந்து பரவும். ஒருமுறை அடித்தால் முடியாது, இரண்டு வார இடைவெளியில் மறுபடி அடிக்க வேண்டும். வேலியோரத்தில் பஞ்சு பிடித்த நாட்டுக்கள்ளி இருந்தால் அங்கிருந்தே மீண்டும் வரும்.

விற்பவர் சொல்லாத இன்னொன்று: நறுக்கி வீசிய துண்டும் வேர்விடும். பழத்தைப் பறவை தின்று விதையைப் பரப்பும், அந்த விதையில் முளைப்பது முள்ளோடு வரலாம். வெட்டிய கழிவை ஓடைக்கரையில் கொட்டாதீர்கள், காய் பிடித்தால் பழுக்குமுன் பறித்துவிடுங்கள்.

அழுகிய மடலுக்கு மாற்று தருகிறார்கள். பிரித்தவுடன் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வாங்குவதாக இருந்தால் ரகத்தின் பெயரையும் தாய்ச்செடித் தோட்டத்தின் படத்தையும் முன்கூட்டியே கேளுங்கள், பாலித்தீன் வேண்டாம், சாக்கில் கட்டி அனுப்பச் சொல்லுங்கள்.