ஸ்பெக்ட்ரின் ஏஏ6 ஆன்டிபாடி: நியூரானை வெட்டியது கால்பெயினா, காஸ்பேஸா?

மூளைச் செல்கள் சாவதை ஆராயும் லேபில் ஒரேயொரு ஆன்டிபாடிக்குத்தான் (குறிப்பிட்ட புரதத்தை ஒட்டிப்பிடித்துக் காட்டிக்கொடுப்பது) காசு இருக்கிறதா? செல்லின் உட்சட்டகப் புரதமான ஆல்ஃபா-2 ஸ்பெக்ட்ரினைப் பிடிக்கும் ஏஏ6 குளோன் ஆன்டிபாடியைத் தயங்காமல் வாங்கலாம். பக்கவாதத்திலும் தலைக்காயத்திலும் நியூரானுக்குள் கால்சியம் ஏறினால் புரதத்தை வெட்டும் நொதியான கால்பெயின் வேலையைத் தொடங்கும்; செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் அப்போப்டோசிஸில் காஸ்பேஸ்-3 என்ற இன்னொரு நொதி. இரண்டும் இதே ஸ்பெக்ட்ரினைத்தான் வெட்டுகின்றன, ஆனால் வெவ்வேறு இடங்களில். புரதங்களை ஜெல்லில் எடைப்படி பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் முழுப் புரதம் 280 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் நிற்கும். 145 துண்டு கால்பெயினுடையது, 120 காஸ்பேஸ்-3 உடையது. 150-ஐ மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்: இரண்டு நொதிகளும் அதை உண்டாக்கும், காயமில்லாத மூளையிலும் லேசாகத் தெரியும்.

150-க்கும் 145-க்கும் இடைவெளி குறைவு என்பதால் 6% ஜெல்தான் சரி. ஒரு கிணற்றுக்கு 20 மைக்ரோகிராம் புரதம் போதும்; அள்ளிப் போட்டால் இரண்டு பட்டைகளும் ஒன்றாகிவிடும். ஜெல்லிலிருந்து புரதத்தை மெம்பிரேனில் ஏற்றும் டிரான்ஸ்ஃபரை 4 டிகிரி குளிரில் இரவு முழுக்க ஓடவிடுங்கள். அவசரப்பட்டு செமி-டிரை என்ற வேகமான டிரான்ஸ்ஃபரைப் போட்டால் 280 ஜெல்லிலேயே தங்கிவிடும், சின்னத் துண்டுகள் மட்டும் நன்றாக ஏறும். விகிதம் பார்க்கும்போது சிதைவு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

பலரும் கோட்டை விடுவது செல்களை உடைக்கும் லைசிஸில்தான். மூளையை அரைக்கும் நொடியிலேயே செல்லின் நுண்ணுறுப்புகளில் இருந்த கால்சியம் வெளியே வந்து கால்பெயினை முடுக்கிவிடும். "ஈடிடிஏ இல்லாதது" (கால்சியத்தைக் கட்டிப்போடும் பொருள் இல்லாதது) என்று விற்கும், நொதிகளைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் மாத்திரையை மட்டும் நம்பினால் கன்ட்ரோல் மூளையிலும் 145 பட்டை அடர்த்தியாக வரலாம். பஃபரில் கால்சியத்தைக் கட்டிப்போடும் ஈஜிடிஏ 5 மில்லிமோலார் சேருங்கள், எல்லாவற்றையும் ஐஸிலேயே செய்யுங்கள். இறந்த பிறகு நேரம் கடந்து எடுத்த மூளையிலும் இதே குழப்பம் வரும். அதற்கு எந்த பஃபரும் மருந்தில்லை.

பட்டைகளை அடையாளம் காண, கால்பெயின்-1-உம் கால்சியமும் சேர்த்த மூளை லைசேட் (அரைத்த திசுக் கரைசல்) ஒன்றை அதே ஜெல்லில் ஓட்டுங்கள். 120-க்கு, அப்போப்டோசிஸைத் தூண்டும் ஸ்டாரோஸ்போரின் கொடுத்த செல்களின் லைசேட்டை ஓட்டுங்கள். காஸ்பேஸைத் தடுக்கும் இசட்-விஏடியை அளவு மீறிப் போட்டால் அது கால்பெயினையும் தொடும், அந்தச் சோதனைக்கு அர்த்தமே போய்விடும்.

திசு வெட்டில் எந்த நியூரான் சிதைந்தது என்று காட்ட ஏஏ6 உதவாது, முழுப் புரதத்தையும் அது பிடிப்பதால். அந்த வேலைக்கு, வெட்டுமுனையை மட்டும் அறியும் ஆன்டிபாடியைத் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும்.