கொலையாளிகளின் கண்ணைச் சோதிப்பவர்: 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்'

இந்தோனேசியாவில் 1965-66 காலத்தில் கம்யூனிஸ்டுகள் எனக் குற்றஞ்சாட்டி லட்சக்கணக்கானோரைக் கொன்றவர்கள் தண்டிக்கப்படவில்லை. அவர்களில் பலர் செல்வாக்கோடு, கொல்லப்பட்டோரின் குடும்பங்களுக்கு அருகிலேயே வாழ்ந்து முதுமையடைந்தனர். ஜோஷுவா ஓப்பன்ஹைமர் இயக்கி 2014இல் வெளிவந்த இந்த ஆவணப்படத்தில், வடசுமத்ராவில் அண்ணனைப் பறிகொடுத்த குடும்பத்தில் அதன் பின்னர் பிறந்த ஒரு கண் பரிசோதகர், அந்த முதியவர்களுக்குச் சோதனைக் கண்ணாடி பொருத்தியபடியே, குரலை உயர்த்தாமல் அன்றைய கொலைகளைப் பற்றிக் கேட்கிறார். சிலர் மிரட்டுகிறார்கள், சிலர் பேச்சை மாற்றுகிறார்கள். தந்தை செய்ததை அவருடன் அமர்ந்து முதன்முறையாகக் கேட்கும் ஒரு மகளோ, உடைந்துபோய் மன்னிப்புக் கேட்கிறார். அந்தக் காட்சிக்காகவே இப்படத்தைப் பார்த்தாக வேண்டும் என்பேன்.

உள்ளூர்க் குழுவினர் பலரின் பெயர்கள், அவர்களின் பாதுகாப்புக் கருதி, 'பெயரிலி' என்றே இடம்பெறுகின்றன. பின்னணி இசை மிகக் குறைவு. மௌனங்களை வெட்டாமல் விட்ட படத்தொகுப்பு பாராட்டுக்குரியது.

வரலாற்றுப் பின்னணியை இன்னும் விரித்துச் சொல்லியிருக்கலாம் என்பதே என் குறை. ஆகையால், கொலையாளிகளே தங்கள் செயல்களை நடித்துக் காட்டும், இதே இயக்குநரின் 2012ஆம் ஆண்டுப் படமான 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்'கை முதலில் பார்த்துவிட்டு இதற்கு வருவது நல்லது.