என்.ஆர்.ஏ.வில் சேரலாமா? நெடுநாள் உறுப்பினர் ஒருவரின் பதில்

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் வசிக்கும் நண்பர் அண்மையில் தன் முதல் கைத்துப்பாக்கியை வாங்கினார். வாங்கிய கையோடு என்னை அழைத்து, "அண்ணா, நீங்கள் நெடுநாள் உறுப்பினர்தானே, நானும் என்.ஆர்.ஏ.வில் சேரட்டுமா?" என்று கேட்டார். நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் என்ற அமெரிக்கத் துப்பாக்கி உரிமையாளர் சங்கத்தைத்தான் சொன்னார். ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டெக்சாஸில் இப்போது நம்மவர் பலர் துப்பாக்கி வாங்குகிறார்கள், அவர்களுக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சந்தா கட்டினால் உறுப்பினர் அட்டை வரும், சங்கத்தின் இதழ் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விவரங்கள். நான் ஆண்டுக்கு 45 டாலர் கட்டிவந்திருக்கிறேன். தொகை பெரிதல்ல. அந்தப் பணம் யாருக்காகப் பேசுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியைத் தொடக் கற்றுக்கொடுப்பதில் இந்தச் சங்கத்துக்கு இணை இல்லை. உறுப்பினர் ஆவதற்கு முன்பே என்.ஆர்.ஏ. சான்று பெற்ற பயிற்சியாளர் ஒருவரிடம் கைத்துப்பாக்கி அடிப்படை வகுப்புக்குப் போனேன். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வகுப்பறைக்குள் ஒரு தோட்டாகூட வரக் கூடாது என்பது அவர் போட்ட முதல் கட்டளை. காலை முழுவதும் வெற்றுத் துப்பாக்கியை எடுப்பது, காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது, மேசையில் வைப்பது, இவ்வளவுதான். குழல் எப்போதும் பாதுகாப்பான திசையை நோக்கி இருக்க வேண்டும். சுடுவதற்குத் தயாராகும்வரை விரல் விசையின் மேல் போகக் கூடாது. பயன்படுத்தும் நேரம்வரை தோட்டா நிரப்பக் கூடாது. இந்த மூன்று விதிகளையும் வாயால் சொல்லவைத்தார், பிறகு கை தானாகச் செய்யும்வரை விடவில்லை. இத்தனை ஆண்டு அலுவலகப் பயிற்சிகளில் உட்கார்ந்திருக்கிறேன், இப்படி மாணவனின் உயிர்மேல் அக்கறை வைத்துக் கற்பித்தவரை நான் பார்த்ததில்லை.

இது தற்செயல் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தங்கள் படைவீரர்கள் குறிபார்த்துச் சுடத் தெரியாமல் திண்டாடியதைக் கண்டு மனம் நொந்த வடக்குப் படை முன்னாள் அதிகாரிகள் இருவர், வில்லியம் சர்ச்சும் ஜார்ஜ் விங்கேட்டும், 1871ல் நியூயார்க்கில் தொடங்கிய சங்கம் இது. சட்டமன்றத் தாழ்வாரங்களில் அலைந்து ஆதரவு திரட்டுவதற்கென்று தனிப் பிரிவு 1975ல்தான் வந்தது. 1977ல் சின்சினாட்டி ஆண்டுக் கூட்டத்தில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை அடியோடு எதிர்த்த ஹார்லன் கார்ட்டரின் ஆதரவாளர்கள் பழைய தலைமையை ஒரே இரவில் வெளியேற்றினார்கள். அரசியலே முதல் வேலை என்று ஆனது அதற்குப் பிறகுதான். பயிற்சிப் பிரிவு மட்டும் பழைய வேரை விடவில்லை. 2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில் தகுதியுள்ள எவரும் உரிமமும் பயிற்சியும் இன்றியே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் வந்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் அந்த ஆசிரியையைப் போன்றவர்கள் செய்யும் வேலைக்கு விலையே கிடையாது.

குழந்தைகளுக்கான எடி ஈகிள் திட்டத்தையும் சொல்ல வேண்டும். சங்கத்துக்காக ஃபுளோரிடாவில் பேசிவந்த மேரியன் ஹாமர் 1988ல் கொண்டுவந்தது. துப்பாக்கியைக் கண்டால் நில், தொடாதே, ஓடிவிடு, பெரியவர்களிடம் சொல்: நான்கே கட்டளைகள். என் மகளுக்கு இதைப் பாட்டுப்போல மனப்பாடம் செய்வித்தேன். ஆனால் இதை மட்டும் நம்பி எந்தப் பெற்றோரும் தூங்கக் கூடாது. பாடத்தை அச்சு பிசகாமல் ஒப்பிக்கும் குழந்தைகள், துப்பாக்கி நேரில் கிடக்கும்போது அதன்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பூட்டு பெரியவர்களின் பொறுப்பு. பிள்ளையை விளையாட அனுப்பும் வீட்டில் "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்க நம்மவர் கூச்சப்படுகிறார்கள். தயவுசெய்து கேளுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று கூச்சமில்லாமல் கேட்கிறோமே.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

ஃபிலாண்டோ காஸ்டில் என்ற பெயரை என்னால் மறக்க முடியவில்லை. மினசோட்டா மாநிலத்துக்காரர், வயது 32, செயின்ட் பால் நகரப் பள்ளி ஒன்றின் உணவகத்தில் மேற்பார்வையாளர், கறுப்பினத்தவர். துப்பாக்கி எடுத்துச்செல்ல முறையான அனுமதி வைத்திருந்தார். 2016 ஜூலை 6 அன்று ஃபால்கன் ஹைட்ஸில் காவலர் ஒருவர் அவருடைய காரை நிறுத்தினார். தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதை காஸ்டில் அமைதியாக, மரியாதையாக, தானாகவே சொன்னார். அடுத்த சில நொடிகளில் காவலர் ஏழு முறை சுட்டார், காஸ்டில் இறந்துபோனார். பின் இருக்கையில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது. சுட்ட காவலர் மறு ஆண்டு ஜூனில் விடுதலையானார்.

சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவரின் உரிமைக்காகவே இருப்பதாகச் சொல்லும் சங்கம் அன்று கூரையேறிக் கத்தியிருக்க வேண்டும். என்ன செய்தது? இரண்டு நாள் கழித்து ஓர் அறிக்கை வந்தது. மினசோட்டாவிலிருந்து வரும் செய்திகள் கவலை தருகின்றன, முழுமையாக விசாரிக்கப்பட வேண்டும் என்றது அது. காஸ்டிலின் பெயர்கூட அதில் இல்லை. மறு ஆண்டு சங்கத்தின் செய்தித் தொடர்பாளர் அந்தச் சாவு தவிர்த்திருக்கக்கூடிய துயரம் என்றார், கூடவே காரில் கஞ்சா இருந்ததைச் சுட்டிக்காட்டி, ஆகவே அவர் சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்ததாகக் கொள்ள முடியாது என்றும் வாதிட்டார். அந்த வாதத்தைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கசப்பு இன்றுவரை போகவில்லை. ஒருவன் செத்த பிறகு அவனுடைய தகுதியை அளக்கத் தொடங்கும் அமைப்புக்கு எதற்குச் சந்தா?

என்னைப் பொறுத்தவரை இது ஏட்டு விவாதம் அல்ல. நான் மாநிறத்துக்காரன், பேச்சில் நம் ஊர் வாடை அடிக்கும், இரவில் நெடுஞ்சாலையில் தனியாகக் காரோட்டுபவன். டெக்சாஸில் உரிமம் பெற்றவர் துப்பாக்கியோடு இருக்கும்போது காவலர் அடையாளம் கேட்டால், ஓட்டுநர் உரிமத்துடன் துப்பாக்கி உரிமத்தையும் காட்ட வேண்டும். அதாவது காஸ்டில் சொன்னதைத்தான் நானும் சொல்வேன். நண்பருக்கும் அதையே கற்றுக்கொடுத்தேன்: காரின் உள்விளக்கைப் போடுங்கள், இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கின் மேல் வையுங்கள், துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள், கேட்காமல் எதையும் எடுக்காதீர்கள். இவ்வளவு செய்தும் காவலர் பயந்துபோய்ச் சுட்டுவிட்டால், என் மனைவிக்கும் மகளுக்கும் ஆதரவாக முதலில் பேச வேண்டியது யார்? அதற்காகத்தானே சந்தா கட்டினேன்?

பணத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம், ஊரறிந்த கதை. 1991 முதல் சங்கத்தை நடத்திய வேன் லாபியர் 2024 ஜனவரியில் பதவி விலகினார். அடுத்த மாதம் மன்ஹாட்டன் நடுவர் குழு, அவர் சங்கத்தின் பணத்தைத் தவறாகச் செலவிட்டார் என்று தீர்ப்புச் சொன்னது. தனி விமானங்கள், பஹாமாஸ் பயணங்கள், பெவர்லி ஹில்ஸ் கடையில் வாங்கிய சூட்டுகள் எல்லாம் வெளியே வந்தன. அவர் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை ஏறத்தாழ 43.5 லட்சம் டாலர். 45 டாலர் சந்தாவில் வகுத்துப் பாருங்கள், 96,000 பேருக்கும் மேலானவர்களின் ஓராண்டுப் பணம். லாரி ஓட்டுபவர்களும் பண்ணைக்காரர்களும் வயிற்றைக் கட்டி அனுப்பிய பணம் அது. ஆனாலும் சொல்கிறேன், இந்தத் திருட்டுத்தனத்தைவிட அந்த மௌனம்தான் என்னை அதிகம் காயப்படுத்தியது. பணத்தை நீதிமன்றம் மீட்டுத்தர முடியும்.

நியாயமாகவும் பேச வேண்டும். நியூயார்க்கில் வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்றிருந்த நூறாண்டுச் சட்டத்தை 2022ல் உச்ச நீதிமன்றத்தில் உடைத்தது இவர்களுடைய மாநிலக் கிளைச் சங்கம்தான். 2024 மே மாதம் வந்த வூலோ வழக்கையும் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தின் நிதிச் சேவைத் துறைத் தலைவராக இருந்த மரியா வூலோ, என்.ஆர்.ஏ.வுடன் உறவை முறிக்கும்படி காப்பீட்டு நிறுவனங்களை மிரட்டினார் என்பது புகார். அது உண்மையானால் கருத்துரிமை மீறல்தான் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். தீர்ப்பை எழுதியவர் சோனியா சோட்டோமேயர். என்.ஆர்.ஏ.வுக்காக வாதாடியது ஏ.சி.எல்.யூ. என்ற குடிமக்கள் உரிமைச் சங்கம், துப்பாக்கி விஷயத்தில் நேரெதிர்க் கருத்துடையது. கொள்கைக்காக எதிராளியின் பக்கம் போய் நின்ற அந்த வழக்கறிஞர்களை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது.

ஆனால் எல்லா வெற்றியும் இவர்களுடையது என்று நம்பிச் சேராதீர்கள். தனிமனிதனுக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை உண்டு என்று சொன்ன 2008 ஹெல்லர் வழக்கைத் தொடுத்தது இவர்கள் அல்ல. தோற்றுவிடுமோ என்று தொடக்கத்தில் தயங்கியவர்கள். சிகாகோவின் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்து 2010ல் வென்ற ஓட்டிஸ் மெக்டொனால்ட் என்ற கறுப்பின முதியவரின் பின்னால் நின்றது செகண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷன் என்ற துப்பாக்கி உரிமை அமைப்பு. வழக்குகளுக்காகப் பணம் கொடுக்க விரும்புபவர் அதையும் விசாரித்துப் பார்க்கலாம். 2015ல் தொடங்கிய நேஷனல் ஆஃப்ரிக்கன் அமெரிக்கன் கன் அசோசியேஷனில் எந்த இனத்தவரும் சேரலாம். நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே காது கிடைக்கும் என்று நம்புகிறேன்.

இடையில் வேறொரு தேசிய அமைப்பிலும் சேர்ந்து பார்த்தேன், பெயர் வேண்டாம். வாரம் தவறாமல் கடிதம், நாள் தவறாமல் மின்னஞ்சல். "நாளை உங்கள் வீட்டுக் கதவைத் தட்டித் துப்பாக்கியைப் பறிக்கப் போகிறார்கள், இன்றே 25 டாலர் அனுப்புங்கள்" என்ற ஒரே பல்லவி. பயமுறுத்திப் பணம் கறப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, விலகிவிட்டேன். பயந்த மனத்தோடு இருப்பவன் கையில் துப்பாக்கி இருப்பது ஆபத்து என்று சொல்லித்தந்த ஆசிரியையிடம் படித்தவன் நான்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை கிடையாது. சங்கத்தில் சேர்வதைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

அப்படியானால் நான் ஏன் இன்னும் விலகவில்லை? வாக்குச்சீட்டுதான் காரணம். சங்கத்தின் நிர்வாகக் குழுவை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆயுள் உறுப்பினர்களுக்கும், ஐந்து ஆண்டு இடைவிடாமல் சந்தா கட்டிய ஆண்டு உறுப்பினர்களுக்கும்தான் வாக்கு. எனக்கு அது முதல்முறை தபாலில் வந்தபோது நான் எதிர்பார்க்காத மகிழ்ச்சி. இவ்வளவு பெரிய அமைப்பில் என் கையெழுத்துக்கும் ஓர் இடம் இருக்கிறதே! 2021ல் தலைமை, நிர்வாகக் குழு முழுவதற்கும் சொல்லாமலேயே டல்லாஸில் திவால் மனு போட்டது. அப்போது கான்சாஸ் நீதிபதி ஃபில் ஜர்னி, குழு உறுப்பினராக இருந்துகொண்டே நீதிமன்றம் போய், சங்கத்தின் கணக்கைச் சுதந்திரமாகத் தணிக்கை செய்ய ஆள் போடுங்கள் என்று கேட்டார். நல்லெண்ணத்தோடு தாக்கல் செய்யப்படவில்லை என்று அந்தத் திவால் மனுவும் தள்ளுபடியானது. உள்ளே இருந்து எதிர்ப்பவர்கள் இருந்ததால்தான் 2024 மே மாதம் டக் ஹாம்லின் தலைமைக்கு வரவும் வழி பிறந்தது. விலகினால் இந்த வாக்கு போய்விடும், மறுபடியும் ஐந்து ஆண்டு.

இவ்வளவும் எழுதிய பிறகு நண்பருக்கு என் பதில்: இப்போது சேராதீர்கள். பயிற்சிக்கு உறுப்பினர் அட்டை தேவையில்லை, அந்தச் சந்தாப் பணத்தை வகுப்புக் கட்டணத்தில் சேருங்கள், மிச்சத்துக்கு நல்ல பூட்டுப்பெட்டி வாங்குங்கள். சில சுடுதளக் கிளப்புகளில் என்.ஆர்.ஏ. உறுப்பினர்களை மட்டுமே சேர்ப்பார்கள். அங்கே வேறு வழியில்லை, ஓராண்டுக்கு மட்டும் கட்டுங்கள். நான் என் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். அடுத்த வாக்குச்சீட்டு வரும்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரே கேள்வியை எழுதி அனுப்பப் போகிறேன்: சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்த ஒருவரைக் காவலர் சுட்டுக் கொன்றால், மறுநாளே அவருடைய பெயரைச் சொல்லி நியாயம் கேட்பீர்களா? ஆம் என்று எழுத்தில் பதில் தருபவருக்கே என் வாக்கு.