கோடை மேய்ச்சலுக்குத் துணையாக வாங்கிய யூரியா வெல்லப்பாகுக் கட்டி

வெப்பமண்டலக் கோடையில் முற்றிக் காய்ந்த புல்லின் புரதம் பெரும்பாலும் 7 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுவதால், நாள் முழுதும் மேய்ந்தும் செம்மறிகள் இளைத்துப்போகும். அந்தக் குறையை ஈடுகட்டவே, ஆட்டின் இரைப்பை நுண்ணுயிர்கள் புரதமாக மாற்றிக்கொள்ளும் யூரியா கலந்த, ஆடுகள் நக்கித் தின்னும் இந்த வெல்லப்பாகுக் கட்டியை வாங்கினேன். பட்டியில் தொங்கவிட்ட சில நாட்களிலேயே, முன்பு முகர்ந்துவிட்டு ஒதுக்கிய முரட்டுப் புல் தாள்களையும் ஆடுகள் கடித்துத் தின்னத் தொடங்கியதைக் கண்டு மனம் நிறைந்தது. ஆனால் இரண்டாவதாக வந்த கட்டி சரியாக இறுகாமல், விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. அதை ஆடுகள் நக்காமல் கடித்து விழுங்கினால் யூரியா நஞ்சாகி உயிருக்கே ஆபத்து என்பதால் உடனே அகற்றிவிட்டேன். தாமிரத்தின் அளவை உறையில் அச்சிடாததும் பெருங்குறைதான், ஏனெனில் மாடு தாங்கும் தாமிரத்தைச் செம்மறி தாங்காது. குட்டிகளுக்கு எட்டாதபடி தொங்கவிட்டு, பக்கத்திலேயே தண்ணீரும் வைக்க முடிந்தவர்கள், இறுக்கத்தைச் சோதித்த பின் வாங்கலாம்.