எட்டு இன்ச் காஸ்ட் அயர்ன் ஃப்ரைபேன்: ஆஃபாயில் சாண்ட்விச்சுக்காகவே வாங்குனது, ஏழு மாசம் ஆச்சு

வீட்டுக்காரம்மா நர்சுங்க. மாசத்துல பத்து நாள் நைட் டூட்டி இருக்கும். காலைல எட்டேகாலுக்கு வண்டிய நிறுத்துற சத்தம் கேக்கும், அந்நேரத்துக்கு அவங்களுக்கு இட்லியும் வேண்டாம் தோசையும் வேண்டாம், சூடா ஆஃபாயில் வெச்ச பிரெட் சாண்ட்விச் ஒண்ணும் ஒரு டம்ளர் டீயும் இருந்தா போதும்னுருவாங்க. சாப்ட்டுட்டு ஒம்பது மணிக்கெல்லாம் படுத்துருவாங்க. ராத்திரி பூரா நின்னுட்டு வர்ற ஆளுக்கு நான் பண்ணித் தர்றது இந்த பத்து நிமிஷ சமையல் தான், அத நல்லா பண்ணிக் குடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. அதுக்காக தேடி வாங்குனது தான் இந்த காஸ்ட் அயர்ன், அதாவது வார்ப்பு இரும்பு பேன்.

முதல்ல நான்ஸ்டிக் தான் வெச்சிருந்தோம். ஒட்டாது, கழுவுறதும் ஈசி, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அதுல போட்ட ஆஃபாயில் எப்பவும் ஆவில வெந்த மாதிரி வழவழன்னு தான் வரும், ஓரம் முறுகவே முறுகாது. முறுகட்டும்னு தீய ஏத்தி வெச்சா கோட்டிங்குக்கு ஆகாது, 260 டிகிரிய தாண்டுனா அந்த டெஃப்லான் சிதைய ஆரம்பிச்சுரும், காலி பேன பெரிய அடுப்புல ஃபுல்லா வெச்சு மறந்துட்டா சில நிமிஷத்துல அந்த சூடு வந்துரும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கோட்டிங் உரிஞ்சு தூக்கிப் போட்டு புதுசு வாங்கி, திரும்ப அதே வழவழ முட்டை.

தோசைக்கல்லு இருக்குதே அதுல போடலாமேன்னு கேப்பீங்க. போட்டுப் பாத்தேன். கல்லு தட்டையா இருக்கறதால முட்டை ஓடிப் பரவி பிரெட்டுக்கு வெளிய தொங்குது, மேல மூடி வெச்சாலும் சரியா உக்காரல, ஆவி பூரா வெளிய போயிருது. அதுவுமில்லாம அது எங்கம்மா முப்பது வருசமா பழக்கி வெச்சிருக்கற கல்லு, முட்டை போட்டா மறுநாள் தோசைல வாடை வரும்னு சொன்னாங்க, அப்புறம் அதுல கை வெக்க மனசு வரல.

முதல்ல ஆன்லைன்ல ஒரு பேன் ஆர்டர் பண்ணேன், பெட்டிய பிரிச்சா கைப்பிடி தனியா பேன் தனியா கெடந்துச்சு. சுத்தி ஒரே ஒரு பேப்பர் தான், வேற பேக்கிங்கே இல்ல. வார்ப்பு இரும்புக்கு அது பத்தாது, அதுல கார்பன் 2 சதவீதத்துக்கு மேல இருக்கும், அடிபட்டா வளையாது, நேரா உடைஞ்சுரும். காசு திரும்பி வர்றதுக்கு மூணு வாரம் ஆச்சு. அதனால தயவு செஞ்சு இத கடைல போயி கையில எடுத்துப் பாத்து வாங்குங்க.

நான் கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு பழைய பாத்திரக்கடைல வாங்குனேன். கடைக்காரர் பெரியவர், நான் இரும்பு பேன்னு கேட்டதுமே "தகடுல அடிச்சதா தம்பி, வார்ப்பாங்க?"ன்னு திருப்பிக் கேட்டாரு. தகடு மெல்லிசு, சட்டுன்னு சூடாகும், சட்டுன்னு ஆறிரும். வார்ப்பு கனமா இருக்கும், சூடாக நேரம் எடுக்கும், ஆனா வாங்குன சூட்ட லேசுல விடாது. கோயமுத்தூர்ல பொறந்து வளந்தவங்களுக்கு வார்ப்படம் புதுசில்ல, ஊர சுத்தி ஃபவுண்டரி தான், பம்புக்கும் மோட்டாருக்கும் பாடி வார்க்கற ஊரு. மணல் அச்சுல உருக்கி ஊத்துறதால தான் பேனோட மேல்புறம் லேசா சொரசொரன்னு இருக்குது, அது டிஃபெக்ட் இல்ல. பெரியவர் பேன கைப்பிடில தொங்க விட்டு விரலால சுண்டிக் காட்டுனாரு, மணி மாதிரி கணீர்னு கேட்டுச்சு. "இப்படி சத்தம் வந்தா கீறல் இல்லைங்க, மொத்தையா கேட்டா எடுக்காதீங்க"ன்னாரு. எட்டு இன்ச், 1.6 கிலோ, 850 ரூபாய்.

பழக்குன கதைய கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா வாங்குனவங்க பாதி பேரு இந்த எடத்துல தான் வெறுத்துப் போயி பரண்ல போட்டுர்றாங்க. லேபிள்ல ப்ரீ சீசன்ட், அதாவது ஏற்கனவே பழக்குனதுன்னு தான் போட்டிருந்துச்சு. அத நம்பி முதல் நாளே முட்டைய உடைச்சு ஊத்துனேன், கரண்டியால சுரண்டித்தான் எடுத்தேன். அப்புறம் அம்மா சொன்ன மாதிரி நல்லா தேச்சுக் கழுவி, சோறு வடிச்ச கஞ்சிய ஊத்தி ஒரு ராத்திரி வெச்சு, காலைல கழுவி, அடுப்புல வெச்சே ஈரம் போக காய வெச்சேன். அதுக்கு மேல நல்லெண்ணெய ஒரே ஒரு சொட்டு விட்டு துணியால உள்ள வெளிய கைப்பிடி எல்லாம் தேச்சு, எண்ணெய் இருக்கற அடையாளமே தெரியாத அளவுக்கு மறுபடி துடைச்சுட்டு, லேசா புகை வர்ற வரைக்கும் காய வெச்சு ஆற விட்டேன். இப்படி அஞ்சு தடவ. அந்த மெல்லிசு எண்ணெய் தான் சூட்டுல காத்தோட சேந்து கெட்டியாகி இரும்போட ஒட்டுன கருப்பு படலமா மாறுது, முட்டை ஒட்டாம இருக்கறதுக்கு காரணம் அது தான். எண்ணெய் கூட ஊத்துனா படலம் ஆகாது, பிசுபிசுன்னு கோந்து மாதிரி நின்னுரும், ரெண்டாவது தடவ நான் பண்ண தப்பு அது, தேச்செடுத்துட்டு திரும்ப ஆரம்பிச்சேன்.

அப்புறம் பத்து நாள் முட்டை பக்கமே போகாம உருளைக்கிழங்கு வறுவல், வெங்காயம் வதக்கறது, குட்டி குட்டி தோசைன்னு எண்ணெய் வேலையா பண்ணிட்டு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் பாதி வெங்காயத்த முள்கரண்டில குத்தி எண்ணெய தொட்டு தேச்சுட்டு தான் ஆரம்பிக்கறது. பதினோராவது நாள் காலைல முட்டைய ஊத்தி ஓரத்துல தோசைத்திருப்பிய விட்டதும் அப்படியே வழுக்கிட்டு நகந்துச்சு. சத்தியமா அடுப்படில நின்னு ஒரு சத்தம் போட்டேன்.

இப்ப நான் பண்ற முறைய சொல்றேன். பேன மீடியத்துக்கும் கீழ தீ வெச்சு நாலு நிமிஷம் சும்மா காய விடணும். அவசரப்பட்டு தீய ஏத்துனா நடு மட்டும் காஞ்சு ஓரம் பச்சையா நிக்கும், இரும்பு சூட்ட மெதுவா தான் பரப்பும், அலுமினியம் மாதிரி இல்ல. ரெண்டு சொட்டு தண்ணி தெளிச்சா சுர்ருன்னு பொங்கி வத்தணும். அதுவே முத்து மாதிரி உருண்டு ஓடுச்சுன்னா முட்டைக்கு அந்த சூடு ஜாஸ்தி, அணைச்சு ஒரு நிமிஷம் விட்டுருங்க. அப்புறம் ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய். வெண்ணெய இப்ப போட்டுராதீங்க, அதுல தண்ணியும் பால் சத்தும் இருக்குது, இந்த சூட்டுல கருகி கசந்துரும்.

முட்டைய நேரா உடைச்சு ஊத்தாம ஒரு கிண்ணத்துல உடைச்சு, பேனுக்கு கிட்ட கொண்டு போயி சாய்ச்சு விடுங்க, கரு உடையாது. ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்தா கொஞ்ச நேரம் வெளிய வெச்சுருங்க, ஜில்லுனு விழுந்தா பேன் சூடு எறங்கி ஒட்டிக்கும். முட்டை புதுசா இருக்கறதும் ரொம்ப முக்கியம். நாமக்கல் நமக்கு பக்கத்துலயே இருக்கறதால புது முட்டைக்கு பஞ்சமில்ல, ஆனா கடைல எத்தன நாள் இருந்துச்சுன்னு யாருக்கு தெரியும், ஒரு சொம்பு தண்ணில போட்டுப் பாருங்க, புதுசு படுத்துக்கும், பழசு உள்ள காத்து கூடிப் போயி நிமிந்து நிக்கும். பழசோட வெள்ளக்கரு நீத்துப் போயி ஓடிரும், புதுசு கரு சுத்தி குண்டா திரண்டு நிக்கும், சாண்ட்விச்சுக்கு அந்த குண்டு தான் வேணும்.

ஊத்துன உடனே ஓரம் குமிழ் விட்டு ஜல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா பூத்து, அப்புறம் பழுப்பா முறுகும். உப்பு, அப்பப்ப இடிச்ச மிளகு. ஓரம் முறுகுனதும் அடுப்ப அணைச்சுட்டு, பேன் ஓரத்துல ஒரு ஸ்பூன் தண்ணி விட்டு மூடிருங்க. இந்த பேனோட அருமையே தீய அணைச்சப்புறம் தான் தெரியுது. வெள்ளக்கரு 62 டிகிரி சுமாருக்கு உறைய ஆரம்பிக்கும், மஞ்சக்கரு 65ல இருந்து 70க்குள்ள கெட்டியாக ஆரம்பிக்கும், நடுவுல இருக்கற இடைவெளி அவ்வளவு தான். அடுப்பு எரிஞ்சுட்டே இருந்தா அந்த இடைவெளிய பிடிக்கறது கஷ்டம், நான்ஸ்டிக்க அணைச்சா உடனே ஆறிப்போயி மேல சளி மாதிரி வேகாம நிக்கும். இதுல பேன்ல தங்கியிருக்கற சூடும் ஆவியும் சேந்து மேலாப்புல மெதுவா வேக வெச்சுருது. ஒரு நிமிஷம் கழிச்சு மூடிய தொறந்தா வெள்ளை பூரா உறைஞ்சு, கரு மேல மட்டும் பனி படிஞ்ச மாதிரி ஒரு மெல்லிசு ஆடை கட்டியிருக்கும், விரலால தொட்டா தளும்பும். என் பையனுக்கு அஞ்சு வயசு, அவனுக்கு மட்டும் திருப்பிப் போட்டு ஃபுல்பாயில் தான், குழந்தைங்களுக்கும் வயசானவங்களுக்கும் மாசமா இருக்கறவங்களுக்கும் கரு வேகாம குடுக்காதீங்க.

முட்டைய தட்டுல எடுத்து வெச்சுட்டு அதே எண்ணெய்ல, அதே பேன்ல, தீய சிம்ல வெச்சு பிரெட்ட போடணும். வெண்ணெய் போட வேண்டிய நேரம் இது தான். பாக்கெட் பிரெட் வேண்டாங்க, பேக்கரில முழு ரொட்டியா வாங்கி விரல் தடிமனுக்கு நீங்களே வெட்டிக்குங்க, முந்தின நாள் ரொட்டின்னா இன்னும் நல்லது, ஈரம் கொறஞ்சு நல்லா முறுகும். ஸ்வீட் பிரெட்னா சக்கரை இருக்கறதால சட்டுன்னு கருகும், சால்ட் பிரெட் தான் சரி. ஒரு பக்கம் மட்டும் டோஸ்ட் பண்ணி, முறுகுன பக்கத்த உள்ள வெச்சு முட்டைய மூடுங்க. கரு உடைஞ்சு வழிஞ்சாலும் அந்த முறுகல் அத தாங்கிக்கும், வெளிப்பக்கம் மெத்துன்னே இருக்கறதால வாய்க்கு இதமா இருக்கும். கூட நாலு சின்ன வெங்காயம் மெல்லிசா அரிஞ்சு அதே எண்ணெய்ல அர நிமிஷம் பெரட்டி வெப்பேன், அவ்வளவு தான். சீஸ் வெச்சுப் பாத்தேன், முட்டை ருசி அடங்கிப் போகுது. சாஸ் வேணும்னா தட்டு ஓரத்துல வெச்சு தொட்டுக்கங்க, உள்ள ஊத்துனா பிரெட் நமத்துரும்.

குறைங்களும் இருக்குது. கனம் தான் முதல் பிரச்சினை, ஒத்த கைல தூக்கி சாய்க்கறது எங்க வீட்டுக்காரம்மாவுக்கு மணிக்கட்டு வலிக்குதுங்கறாங்க, அதனால கழுவுறதும் நான் தான். கைப்பிடியும் இரும்பே, மரம் பிளாஸ்டிக் எதுவும் இல்ல, அஞ்சு நிமிஷத்துல கொதிக்கும், பிடிதுணி இல்லாம தொட்டுராதீங்க, பசங்க இருக்கற வீட்ல கைப்பிடிய செவுத்து பக்கம் திருப்பியே வெய்ங்க. எட்டு இன்ச்சுல ஒரு நேரத்துக்கு ரெண்டு முட்டை தான், நாலு பேரு இருக்கற வீட்டுல ஞாயித்துக்கிழமை பத்தரை மணி டிபனுக்கு பண்ணா கடைசி ஆளுக்கு வர்றதுக்குள்ள முதல் ஆள் டீ குடிச்சு முடிச்சுருவாங்க.

புளிப்பு இதுக்கு ஆகாது. மூணாவது மாசம் தெரியாம இதுலயே தக்காளி தொக்கு வதக்கிட்டேன், தொக்கு கருத்து ஒரு இரும்பு வாடை அடிச்சுச்சு, பழக்குன படலமும் நடுவுல திட்டா போயிருச்சு, மறுபடி மூணு நாள் எண்ணெய் காய்ச்சித்தான் சரி பண்ணேன். சூடா இருக்கறப்ப குழாய்ல காட்டுனா விரிசல் விடலாம், ஆற விட்டு கழுவுங்க. சோப்பு கொஞ்சமா போடலாம், ஒண்ணும் ஆகாது, ஆனா சிங்க்ல ஊறப் போட்டா ஒரே ராத்திரில துரு பிடிக்கும். மழை மாசத்துல நாலு நாள் எடுக்காம விட்டாலே லேசா செவப்பு தட்டும், கழுவுனதும் அடுப்புல காய வெச்சு ஒரு சொட்டு எண்ணெய் தடவி வெச்சுருங்க.

ஹாஸ்டல்ல இருக்கறவங்க, காலைல அஞ்சு நிமிஷம் கூட இல்லாதவங்க இத வாங்க வேண்டாம், உங்களுக்கு நான்ஸ்டிக்கே சரி. தினமும் அடுப்புகிட்ட பத்து நிமிஷம் நிக்க முடியும், முட்டைன்னா உசிருன்னு இருக்கறவங்க கண்ணை மூடிட்டு வாங்கலாம். அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அர மார்க் கைப்பிடிக்காக கொறைக்கறேன்.

நேத்தும் நைட் டூட்டி முடிஞ்சு தான் வந்தாங்க. ராத்திரி வார்டுல ரொம்ப சிரமமாம், வந்ததும் எதுவும் பேசல, சேர்ல உக்காந்து சாண்ட்விச்ச ரெண்டு கைலயும் பிடிச்சு கடிச்சாங்க, கரு உடைஞ்சு மணிக்கட்டு வரைக்கும் வழிஞ்சுச்சு, அத துடைக்காமயே முழுசும் சாப்ட்டு முடிச்சுட்டு "இன்னொண்ணு போடறீங்களா"ன்னு கேட்டாங்க. பேன் இன்னும் சூடா தான் இருந்துச்சு.